மோட்டார் இல்லாத பம்பு: ஸ்லிப் காஸ்டிங் எப்படி வேலை செய்யுது?

(இது எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்கள்ல சுருக்கி, திருத்தியிருக்கோம்.)

இந்த பாட்காஸ்ட்டை எங்க உட்கார்ந்து கேட்கிறீங்கன்னு போன மாசம் உங்ககிட்ட கேட்டிருந்தேன். மெட்ரோ, ஜிம், ஆபீஸ் கேப்னு நிறைய பதில் வந்துச்சு. கணிசமான பேர் இன்னொரு இடத்தையும் சொல்லியிருந்தீங்க. அந்த நேர்மைக்கு நன்றி. இன்னைக்கு எபிசோட் உங்களுக்குத்தான், ஏன்னா இப்போ நீங்க உட்கார்ந்திருக்கிற அந்த வெள்ளைப் பீங்கான்தான் அநேகமா உங்க வீட்டுலயே இருக்கிற மிகப் பெரிய ஸ்லிப் காஸ்டிங் பொருள்.

அந்த வடிவத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அதைக் குயவர் சக்கரத்துல சுத்திச் செய்ய முடியாது. சக்கரம் வட்டமானதை மட்டும்தான் கொடுக்கும். இதுல நீள்வட்டம் இருக்கு, உள்ளே வளைஞ்சு போற குழாய் இருக்கு, விளிம்புக்கு அடியில தண்ணி ஓட ஒரு ஒளிஞ்ச வழி வேற இருக்கு. வாஷ் பேசின், டீபாட், கொலுவுல வைக்கிற பீங்கான் பொம்மை, கஃபேல போட்டோ எடுக்கிற அந்தக் கோணல் மாணல் கப்பு, இதெல்லாம் பெரும்பாலும் இதே முறையில பிறந்ததுதான்.

முறை என்னன்னு நாலு வரியில சொல்லிடறேன். களிமண்ணைக் கூழா கரைக்கிறாங்க. இந்தக் கூழுக்குப் பேர்தான் ஸ்லிப். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள்ள விளிம்பு வரைக்கும் ஊத்தறாங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷம் விட்டுட்டு, அச்சைக் கவிழ்த்து மிச்சக் கூழைத் திரும்பக் கொட்டிடறாங்க. அச்சோட உள்சுவர்ல ஒரு மெல்லிய மண் ஓடு ஒட்டியிருக்கும். அதுதான் கப்பு.

இதைக் கேட்டதும் குல்ஃபி ஞாபகம் வரும். ஆனா குல்ஃபி உறையுது, உள்ள ஊத்தினது மொத்தமும் கட்டியாகுது. இங்க எதுவும் உறையல, காயவும் இல்ல. அச்சு தண்ணியைக் குடிக்குது. அச்சை ஒட்டியிருக்கிற கூழ்ல தண்ணி போச்சுன்னா மண் துகள் மட்டும் சுவரா அங்கேயே நின்னுடுது. நடுவுல இருக்கிறது இன்னும் கூழாவே இருக்கு, அதனாலதான் கொட்ட முடியுது. அதாவது இந்த அச்சு ஒரு வடிவம் மட்டும் கிடையாது. மோட்டார் இல்லாத, கரண்ட் கேட்காத ஒரு பம்பு. இது மண்டையில ஏறிடுச்சுன்னா மீதியெல்லாம் தானா புரியும்.

ஒரு லிஸ்னர் அனுப்பின கேள்விதான் இந்த எபிசோடுக்குக் காரணம். அவங்க ஆன்லைன்ல கப் விக்கிறவங்க. "அச்சுல ஊத்தினதுதானே, இதுக்கு ஏன் இவ்ளோ விலை, இது எப்படி ஹேண்ட்மேட் ஆகும்னு ஒரு கஸ்டமர் கேட்டாங்க. எனக்கே பதில் தெரியலை"ன்னு எழுதியிருந்தாங்க. அதுக்கு வரேன். முதல்ல பம்பைப் பார்ப்போம்.

கல்லுக்குள்ள காலி இடம்

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உங்களுக்கு ஏற்கனவே பழக்கம்தான். கை உடைஞ்சா போடற மாவுக்கட்டு, ஃபால்ஸ் சீலிங், எல்லாம் அதுதான். பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றுல ஜிப்சம் தோண்டி எடுத்ததால வந்த பேர். ஜிப்சம்ங்கிறது தண்ணியைத் தனக்குள்ள பூட்டி வெச்சிருக்கிற கல். அதைச் சுமார் 150 டிகிரி செல்சியஸ்ல வறுத்தா அந்தத் தண்ணியில முக்கால் பங்கு ஓடிடும், வெள்ளைப் பொடி மிஞ்சும். அந்தப் பொடியில திரும்பத் தண்ணி கலந்தா அது மறுபடி ஜிப்சமா மாறும், ஊசி ஊசியான படிகமா வளர்ந்து ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். அப்போ சூடும் வரும். மாவுக்கட்டு போட்டவங்களுக்கு அந்த இதமான சூடு ஞாபகம் இருக்கும்.

இப்போ கணக்கு. 1 கிலோ பிளாஸ்டர் முழுசா கல்லாக வேதியியல்படி தேவைப்படற தண்ணி சுமார் 186 கிராம்தான். ஆனா அச்சு செய்யறவங்க வழக்கமா 1 கிலோவுக்கு 700 மில்லி அளவுக்கு ஊத்துவாங்க. மீதி 500 மில்லிக்கு மேல எங்க போகும்? ஊசிகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு, நாளடைவில ஆவியாகிடும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துவாரம். நீங்க கையில தூக்கற அந்தக் கனமான வெள்ளைக் கட்டிக்குள்ள கிட்டத்தட்ட அரை லிட்டர் காலி இடம் இருக்கு, அதுவும் மைக்ரான் அளவுக் குழாய்களா. பேப்பர் ஓரம் மையை இழுக்கிற மாதிரி அந்தக் குழாய்கள் தண்ணியை இழுக்கும். பம்பு வேலை செய்யறது இப்படித்தான்.

தண்ணியை இன்னும் கூட்டினா அச்சு நல்லா குடிக்கும், ஆனா வலு போயிடும், சீக்கிரம் தேயும். குறைச்சா கெட்டியா இருக்கும், ஆனா குடிக்காது. அதனாலதான் இதைக் கண்ணளவுல கலக்கக் கூடாது, தராசு வேணும்.

இங்கிலாந்துல ஸ்டாஃபர்ட்ஷயர் பானைத் தொழிலுக்கு பிளாஸ்டர் அச்சு வந்தது 1740கள்ல. கோப்ரிட்ஜ் ஊரைச் சேர்ந்த ரால்ஃப் டேனியல் பிரான்ஸ்ல பார்த்துட்டு வந்து அறிமுகப்படுத்தினார்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி சுட்ட மண்ணுல செஞ்ச அச்சுதான். அதுவும் தண்ணி குடிக்கும். ஆனா அச்சையே சூளையில சுடணும், சுட்டா அச்சும் சுருங்கும். பிளாஸ்டருக்குச் சூளையே வேண்டாம், கலந்து ஊத்தி அரைமணி காத்திருந்தா போதும்.

டிகாஷன் ஃபில்டர் கணக்கு

சுவர் எவ்ளோ தடிமனா வரும்ங்கிறது நேரத்தைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டர் வர 10 நிமிஷம் ஆச்சுன்னா 6 மில்லிமீட்டருக்கு எவ்ளோ? 20 நிமிஷம்னு சொல்லத் தோணும். கிட்டத்தட்ட 40 ஆகும்.

ஏன்னு நம்ம காபி ஃபில்டரை வெச்சுப் பாருங்க. பொடி கம்மியா இருந்தா டிகாஷன் சரசரன்னு இறங்கும். பொடியை ரெண்டு பங்கு போட்டு அழுத்தினா சொட்டுச் சொட்டாத்தான் இறங்கும். இங்கேயும் அதேதான். முதல்ல படிஞ்ச மண் அடுக்கே ஒரு ஃபில்டர் ஆயிடுது. அடுத்து வர்ற தண்ணி அந்த அடுக்கைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகணும். அடுக்கு வளர வளர வேகம் குறையும். தடிமனை ரெட்டிப்பாக்கினா நேரம் நாலு மடங்கு. நம்ம கோடிங் மக்களுக்குச் சொல்லணும்னா, ஓ ஆஃப் என் ஸ்கொயர்.

இந்த ஒரு விதியாலதான் டாய்லெட் செய்யறது கஷ்டம். கப்பு 3 மில்லிமீட்டர்ல நின்னுடும். டாய்லெட் சுவர் அதைப் போல மூணு மடங்கு, சில இடத்துல அதுக்கும் மேல. மணிக்கணக்குல காத்திருக்கணும், அப்புறம் அச்சு முழுக்க ஊறிப்போயிருக்கும், அதைக் காய வெக்கணும். அதான் பெரிய சானிட்டரிவேர் ஃபேக்டரிகள்ல இப்போ பிளாஸ்டருக்குப் பதிலா துவாரமுள்ள பிளாஸ்டிக் அச்சு வந்திருக்கு. பிளாஸ்டரோட இழுவிசை ஒண்ணு ரெண்டு பார்தான், கிட்டத்தட்ட கார் டயர் காத்து அளவு. புது அச்சுல கூழையே பத்து பார் அளவுக்கு அழுத்தி உள்ள தள்ளறாங்க. வேகம் வரும், ஆனா மிஷின் விலை சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. கப் அளவுக்கு இன்னும் பிளாஸ்டர்தான் ராஜா.

தண்ணி ஊத்தாம தண்ணியாக்கறது

எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

மண்ணை ஊத்தற பதத்துக்குக் கொண்டுவர தண்ணி ஊத்தினா போதும்னு தோணும். பாதிக்குப் பாதி ஊத்தினா கண்டிப்பா ஓடும். ஆனா என்ன ஆகும்னு ஒரு தோராயக் கணக்கு போடுவோம். அச்சுலேர்ந்து எடுக்கிற பதத்துல நம்ம கப்பு 350 கிராம், அதுல 280 கிராம் உலர் மண், 70 கிராம் தண்ணின்னு வெச்சுக்கோங்க. பாதிக்குப் பாதி கூழ்ல 280 கிராம் மண்ணோட 280 கிராம் தண்ணி வரும். 70 போக 210 கிராமை அச்சு குடிச்சாகணும், ஒவ்வொரு கப்புக்கும். ரெண்டாவது கப்புக்கே அச்சு மூச்சுத் திணறும். தண்ணி அவ்ளோ போனா மண்ணும் அவ்ளோ சுருங்கும், அச்சுக்குள்ளயே விரிசல் விடும்.

இதுக்கு வழி டிஃப்ளாக்குலன்ட். பேர்தான் பயங்கரம், சாதனம் சாதாரணம்: சோடியம் சிலிகேட். நம்ம ஊர்ல வாட்டர் கிளாஸ்னு கெமிக்கல் கடையில கிடைக்கும். சீனாக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலந்த 10 கிலோ பொடிக்கு வெறும் 4 லிட்டர் தண்ணி ஊத்துங்க. கலக்கவே முடியாது, கரண்டி நட்டுக்கிட்டு நிக்கும். அதுல 30 கிராம் சோடியம் சிலிகேட் சேர்த்துக் கலக்கினா, தோசை மாவுப் பதத்தைத் தாண்டி, ஃப்ரெஷ் கிரீம் மாதிரி ஓடும். தண்ணி ஒரு சொட்டு கூட சேர்க்கலை.

என்ன நடக்குது? களிமண் துகள் ஒவ்வொண்ணும் நுண்ணிய தட்டு. தட்டோட முகத்துல நெகட்டிவ் சார்ஜ், ஓரத்துல பாசிட்டிவ். அதனால ஓரம் முகத்தோட ஒட்டி, சீட்டுக்கட்டுல வீடு கட்டின மாதிரி நிக்கும். அந்த வீட்டு அறைகளுக்குள்ள தண்ணி மாட்டிக்கும். சோடியம் சிலிகேட் வந்தா ஓரத்தோட பாசிட்டிவும் போயிடும். எல்லாரும் நெகட்டிவ், ஒருத்தரை ஒருத்தர் தள்ளி நிப்பாங்க. சீட்டு வீடு சரியும், உள்ள மாட்டியிருந்த தண்ணி வெளிய வரும். தண்ணி முதல்லேர்ந்தே அங்கதான் இருந்துச்சு, விடுதலை மட்டும்தான் கிடைச்சிருக்கு.

பழைய கணக்கைத் திரும்பப் போடுங்க. இந்தக் கூழ்ல 280 கிராம் மண்ணுக்கு 112 கிராம் தண்ணி. 70 போக அச்சு குடிக்க வேண்டியது 42 கிராம். அஞ்சுல ஒரு பங்கு.

சரி, 30 கிராமுக்கு இப்படின்னா 100 கிராம் போட்டா? அங்கதான் சிக்கல். ஒரு எல்லை வரைக்கும் கூழ் இளகும், தாண்டினா திரும்பக் கெட்டியாகும். மறுபடி இளக்கணும்னு இன்னும் போட்டா இன்னும் மோசமாகும். சுவர் மெதுவா வளரும், அச்சுலேர்ந்து எடுத்தா பொறபொறன்னு உடையும். அதனால கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துப் பார்த்துத்தான் போகணும். சரிபார்க்க எளிய டெஸ்ட், எடை. சரியான கூழ் ஒரு லிட்டர் 1.75லேர்ந்து 1.8 கிலோ வரைக்கும் நிக்கும். அதுல குறைஞ்சா தண்ணி அதிகம். எடை சரியா இருந்தும் ஓடலைன்னா பிரச்சனை டிஃப்ளாக்குலன்ட்ல. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க. டீபக் பண்றவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அச்சு எங்கேர்ந்து வருது?

கப்புக்கு முன்னாடி அச்சு, அச்சுக்கு முன்னாடி ஒரு மாடல். மாடலை மண்ணுலயோ பிளாஸ்டர்லயோ செதுக்கலாம், இப்போ நிறைய பேர் த்ரீடி பிரின்ட் பண்றாங்க. பிரின்ட் பண்ணினா அந்தக் கோடு கோடான அடுக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்தே ஆகணும். பிளாஸ்டர் ரொம்ப விசுவாசமானது, உங்க கைரேகையைக் கூடக் காப்பி அடிக்கும்.

மாடலோட அளவுல ஒரு கணக்கு இருக்கு. பீங்கான் காயும்போதும் சூளையில வேகும்போதும் சுருங்கும். மொத்தம் 12 சதவீதம்னு வெச்சுப்போம். 10 செ.மீ. உயரக் கப்பு வேணும். 12 சதவீதம் கூட்டி 11.2ன்னு மாடல் செஞ்சா, அதுல 12 சதவீதம் போய் 9.86 செ.மீ. கப்புதான் வரும். 10-ஐ 0.88-ஆல வகுக்கணும், விடை 11.36. ஒன்றரை மில்லிமீட்டர்தானேன்னு விடலாம். ஆனா அது டப்பாவுக்கு மூடின்னா, மூடி உட்காராது.

அடுத்தது, அச்சை எத்தனை துண்டாப் பிரிக்கிறது. நேரா விரிஞ்சு போற டம்ளருக்கு ஒரே துண்டு போதும், கவிழ்த்தா விழும். நடுவுல தொப்பை போட்ட கப்புன்னா பக்கவாட்டுல ரெண்டு, அடிக்கு ஒண்ணுன்னு மூணு. பொம்மையோட மடக்கின கை, காது, மூக்குக்கு அடியில இருக்கிற பள்ளம், இதெல்லாம் வந்தா துண்டு எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும். எந்தத் துண்டை எந்தத் திசையில இழுத்தா எங்கேயும் மாட்டாம வெளிய வரும்ங்கிறதுதான் கேள்வி. இதைப் பார்த்த உடனே சொல்ற மோல்டு மேக்கர்ங்க இருக்காங்க. ஸ்டாஃபர்ட்ஷயர்ல மோல்டு மேக்கிங் தனித் தொழிலாவே இருந்துச்சு, வருஷக்கணக்குல கத்துக்கிட்டாத்தான் கைவரும்.

செய்யற விதம்: மாடலைப் பாதி வரைக்கும் களிமண்ணுல புதைச்சு, சுத்திலும் பலகை அடைச்சு, மேல பிளாஸ்டர் ஊத்தறது. அது இறுகினதும் திருப்பிப் போட்டு, களிமண்ணை எடுத்துட்டு, முதல் பாதி மேல சோப்புக் கரைசலை நல்லா பூசி, மறுபாதியை ஊத்தறது. சோப்பு இல்லைன்னா ரெண்டு பாதியும் ஒரே கல்லாயிடும். துண்டுகள் நகராம உட்கார, ஒண்ணுல குமிழும் இன்னொண்ணுல குழியும் வெப்பாங்க.

அச்சுக்கும் ஆயுசு உண்டு. ஐம்பதுலேர்ந்து நூறு கப்பு வரைக்கும் கூர்மையா வரும், அப்புறம் விளிம்பு மழுங்கும். கூழ்ல இருக்கிற சோடியம் ஜிப்சத்தோட வினைபுரிஞ்சு உப்பாகி, அச்சோட வெளிப்பக்கத்துல வெள்ளையா பூக்கும். பழைய வீட்டுச் சுவர்ல உப்பு பூக்குமே, அந்த மாதிரி. ஊறின அச்சைக் காய வெக்க நம்ம சென்னைக் காத்து ஒத்துழைக்காது, நவம்பர்ல கேட்கவே வேண்டாம். அவசரப்பட்டு அவன்ல வெச்சுடாதீங்க. 50 டிகிரிக்கு மேல போனா ஜிப்சம் தண்ணியைத் திரும்ப விட ஆரம்பிச்சு, பொடியா உதிரும். ஃபேன் காத்து போதும். காய்ஞ்ச அச்சோட எடையை அது மேலயே மார்க்கர்ல எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த தடவை தராசுல வெச்சா, இன்னும் எவ்ளோ தண்ணி உள்ள இருக்குன்னு ஊகிக்கவே வேண்டாம்.

அப்போ அது ஹேண்ட்மேடா?

ஒரு அச்சுல ஒரு நாளைக்கு ரெண்டு கப்பு எடுக்கலாம். ஒரு மாசம் போனா அச்சு தேய ஆரம்பிக்கும். ஒவ்வொரு கப்பும் வெளிய வந்த பிறகு துண்டுகள் சேர்ந்த இடத்துல கோடு இருக்கும், அதை அழிக்கணும், விளிம்பு வெட்டணும், கைப்பிடி ஒட்டணும், ரெண்டு தடவை சூளை. இதுல எங்கேயும் பட்டனை அமுக்கிட்டுப் போற இடம் கிடையாது. கேள்வி கேட்ட லிஸ்னருக்கு என் பதில்: கையால செஞ்சதுன்னு தைரியமா சொல்லலாம், ஆனா சக்கரத்துல செஞ்சதுன்னு நினைக்க விடாதீங்க. லேபிள்ல "ஸ்லிப் காஸ்ட்"ன்னு போட்டு, அச்சையும் நீங்களே செஞ்சீங்கன்னா அதையும் போடுங்க. கடையில ரெடிமேட் அச்சு வாங்கி ஊத்தினதுக்கும், சொந்தமா மாடல் செதுக்கி அச்சு எடுத்ததுக்கும் விலை வித்தியாசம் இருக்கிறது நியாயம்னுதான் நான் நினைக்கிறேன். சக்கரம்தான் உசத்தி, அச்சுன்னா மட்டம்ங்கிற வாதம் எனக்கு ஒப்பல. கடலூர் மாவட்டத்துல விருத்தாசலம் பக்கம் போனா பீங்கான் தொழிற்பேட்டையே இருக்கு. அங்க பிளாஸ்டர் அச்சுல பொம்மை எடுத்து, மூக்கும் முழியும் திருத்தி, கையால வர்ணம் தீட்டறவங்ககிட்ட போய் இது ஹேண்ட்மேட் இல்லைன்னு சொல்லிப் பாருங்க.

விலையைப் பத்திப் பேசும்போது யாரும் சேர்க்காத ஒரு செலவு இருக்கு. அது நுரையீரல். இந்த மண்ணுல குவார்ட்ஸ் இருக்குன்னு சொன்னேன், அது படிக சிலிக்கா. ஈரமா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாது. காய்ஞ்ச கப்போட கோட்டை உப்புத்தாள்ல தேய்ச்சா, கண்ணுக்கே தெரியாத தூசி கிளம்பி நுரையீரலோட அடி வரைக்கும் போகும். வருஷக்கணக்குல சேர்ந்தா சிலிகோசிஸ். அதுக்கு குணப்படுத்தற மருந்து கிடையாது. இங்கிலாந்துல பாட்டர்ஸ் ராட்னு பேர் வெக்கிற அளவுக்கு அது குயவர்களைப் பிடிச்ச நோய். நம்ம நாட்டுச் சட்டத்துலயும் கட்டாயமா அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல இருக்கு. 1997ல ஐ.ஏ.ஆர்.சி., அதாவது உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வேலையிடத்துல சுவாசிக்கிற படிக சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு வகைப்படுத்திடுச்சு.

வீக்கெண்ட் ஸ்டுடியோக்கள்ல நான் பார்க்கிற காட்சி இது: ஒரு மூலையில அச்சு காய ஃபேன் ஓடுது, இன்னொரு மூலையில ஒருத்தர் மாஸ்க் இல்லாம உப்புத்தாள் போட்டுக்கிட்டு இருக்கார். அந்த ஃபேன் தூசியை ரூம் முழுக்கப் பரிமாறுது. கோட்டை அழிக்க உப்புத்தாளே வேண்டாம். மண் இன்னும் கொஞ்சம் ஈரமா இருக்கும்போதே கத்தியால சீவி, நனைச்ச ஸ்பாஞ்சால துடைச்சா போதும். தரையைப் பெருக்காதீங்க, ஈரத்துணி போட்டுத் துடைங்க. காய்ஞ்ச பொடியைக் கொட்டிக் கலக்கிற அன்னைக்கு என்-95 போடுங்க, சர்ஜிக்கல் மாஸ்க் பத்தாது. வாரத்துல ரெண்டு மணி நேரம் போற உங்களுக்கு ஆபத்து குறைவு. அந்த ரூம்லயே நாள் முழுக்க வேலை செய்யற அக்காவுக்கு அப்படி இல்லை. கிளாஸுக்குப் பணம் கட்டும்போது, இங்க ஈரமா துடைக்கிறீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

வீட்டுல முயற்சி பண்ணப் போறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. பிளாஸ்டர் கலக்கின வாளியைச் சிங்க்ல கழுவாதீங்க. அது இறுக காத்து தேவையில்லை, தண்ணிக்குள்ளயே இறுகும், உங்க டிரெயின் பைப்புக்குள்ள உட்பட. வாடகை வீடுன்னா அட்வான்ஸ்ல பிடிச்சிடுவாங்க. ரப்பரோ நெகிழ்ற பிளாஸ்டிக்கோ வாளியா வாங்குங்க. மிச்சத்தை அதுலயே இறுக விட்டு மறுநாள் வாளியைப் பிசைஞ்சா துண்டு துண்டா உரியும், குப்பையில போடலாம். அந்தத் துண்டு ஒண்ணுகூட மண் வாளிக்குள்ள விழாமப் பார்த்துக்கோங்க, விழுந்தா சூளையிலேர்ந்து வந்த பிறகு கப்போட சுவர்ல அந்த இடம் பெயர்ந்து வரும்.

அடுத்த வாரம் கிளேஸ். அதுவரைக்கும், சீக்கிரம் எழுந்திருங்க, கால் மரத்துப் போயிடும்.